ஜீரோ வாட்ஸ் பல்பின் கணக்கு

பிற்பகல் நேரந்தான். ஆனாலும் வெளியே அப்படியொரு மழை இருட்டு. கோட்டூர்புரம் வீட்டுக் கூடத்தில், செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் இன்வெர்ட்டருக்கு முன்னால், நான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்னால் சாய்வு நாற்காலியில் என் கணவர் அருள்ராஜ். மூக்கில் ஆக்சிஜன் குழாய். குழாயின் மறுமுனை, சக்கரம் வைத்த ஒரு வெள்ளைப் பெட்டியில். அறைக் காற்றை இழுத்து, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கருவி அது. 'உஸ்... டொப், உஸ்... டொப்' என்று அது போடும் சத்தம் எங்களுக்குப் பழகிவிட்டது. நின்றால்தான் காதுக்குத் தெரியும்.

தெருவில் தண்ணீர் முழங்காலைத் தாண்டியிருந்தது. மின்சாரப் பெட்டிக்குள் தண்ணீர் புகுவதற்கு முன்பே லைனை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியது சரிதான். நிறுத்தாவிட்டால் தண்ணீரில் நடப்பவர்கள் கதி என்ன? ஆனால் சரியான காரியத்தால் நமக்குத் தொந்தரவு வராது என்று யார் சொன்னது?

"இன்னா டீச்சர், பாஸா ஃபெயிலா?" என்றார் அவர். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதைவிட அப்படிக் கூப்பிட்டதுதான் அதிகம்.

"பேசாதீங்க. மூச்சை மிச்சம் பண்ணுங்க" என்றேன்.

கேள்வி இதுதான்: இன்வெர்ட்டர் பாட்டரியில் இந்தக் கருவி எவ்வளவு நேரம் ஓடும்? அவசரத்துக்கென்று ஒரு சின்ன சிலிண்டர் இருந்தது உண்மை. ஆனால் அது அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகும் வழிக்கென்று ஒதுக்கியது. வீட்டிலேயே அதைத் திறந்துவிட்டால், படகில் ஏற்றிப் போகும்போது மூக்கில் வைக்க ஒன்றும் இருக்காது. ஆகவே அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

பிளாஸ்திரி ஒட்டிய மீட்டர்

கையில் இருந்த மீட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாக்கெட்டில் செருகினால், அதன் வழியாகப் போகும் மின்சாரத்தின் வோல்ட், ஆம்பியர், வாட் மூன்றையும் காட்டும். வாட் காட்டும் இடத்தின் மேல் நான் ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தேன். காயத்துக்குப் போடுவோமே, அதே பிளாஸ்திரி.

அடையாறில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் இயற்பியல் நடத்திய காலத்தில் ஒட்டியது அது. வகுப்பில் மீட்டரைக் கொடுத்து "பவர் எவ்வளவு?" என்று கேட்டால், பிள்ளைகள் அதைப் பார்த்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடும். பெருக்கத்தான் நாம் இருக்கிறோம், மீட்டர் எதற்குப் பெருக்க வேண்டும்? கோபத்தில் என் பையில் இருந்த பிளாஸ்திரியை எடுத்து ஒட்டினேன். "மிஸ், மீட்டருக்கு அடிபட்டுடுச்சா?" என்று கடைசி பெஞ்சில் ஒருத்தி கேட்டாள். அன்று முழுக்க அந்த வகுப்பு சிரித்தது.

வகுப்பில் நான் சொல்வது இவ்வளவுதான். வோல்ட்டேஜ் தள்ளுகிறது. கரன்ட் ஓடுகிறது. ரெசிஸ்டன்ஸ் வழியில் நின்று முறைக்கிறது. தள்ளுவதை ஓடுவதால் வகுத்தால் எவ்வளவு முறைப்பு என்று தெரியும். தள்ளுவதையும் ஓடுவதையும் பெருக்கினால் எவ்வளவு வேலை நடக்கிறது என்று தெரியும். இந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டு என் சர்வீஸ் முழுவதையும் ஓட்டியிருக்கிறேன் என்று என் கணவர் ஊரெல்லாம் சொல்லுவார்.

ஒருமுறை இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுபோய் அளக்கச் சொன்னேன். 230 வோல்ட், 4 ஆம்பியர். வகுத்தால் ஐம்பத்தேழரை ஓம். பெருக்கினால் 920 வாட். "இவ்ளோ சூடாவுது, ஆனா கொஞ்சமாத்தான் முறைக்குதா மிஸ்?" என்று ஒருத்தி கேட்டாள். கெட்டிக்காரி. ஒரே அளவு தள்ளும்போது, குறைவாக முறைப்பதில்தான் நிறைய ஓடும், நிறைய வேலை நடக்கும். அதிகமாக முறைப்பவர்கள் கொஞ்சமாகத்தான் வேலை செய்வார்கள். இதை வீட்டில் வந்து அவரிடம் சொன்னேன். "என்னைத்தானே சொல்ற?" என்றார். உடனே புரிந்துகொண்டது எனக்கு ஆச்சரியந்தான்.

ஒரு மூச்சின் வாட்

இனி அன்றைய கணக்குக்கு வருகிறேன்.

என் கணவர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பீடி, சிகரெட் தொட்டதில்லை. ஆனாலும் நுரையீரல் நார் நாராக இறுகிக்கொண்டு வரும் ஒரு வியாதி அவருக்கு வந்தது. ஏன் என்று டாக்டர்களுக்கும் சொல்லத் தெரியவில்லை. அந்த மழைக்கு முந்தைய கோடையில்தான் ஆக்சிஜன் கருவி வீட்டுக்கு வந்தது. வந்த அன்றைக்கே மீட்டரைச் செருகி அளந்துவிட்டேன். ஒன்றரை ஆம்பியர். இன்வெர்ட்டர் தள்ளுவது 220 வோல்ட். பெருக்கினால் 330 வாட். (மாற்று மின்னோட்டத்தில் இன்னொரு எண்ணாலும் பெருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். இயற்பியல் படித்த வாசகர்கள் கடிதம் எழுத வேண்டாம். அது ஒன்றுக்குப் பக்கத்தில்தான். செலவைக் கொஞ்சம் கூட்டிக் கணக்கிட்டால் பாதகமில்லை.)

பாட்டரி 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி. பெருக்கினால் 1800 வாட்-மணி. ஆனால் அது புதிதாக இருந்தபோது. வயதான பாட்டரியை நம்ப முடியாது, பாதி என்று வைத்தேன். 900. இன்வெர்ட்டர் தன் பங்குக்கு ஐந்தில் ஒன்றைச் சாப்பிட்டுவிடும். மிச்சம் 720. அதை 330-ஆல் வகுத்தால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே.

மின்விசிறியை நிறுத்தினேன். வைஃபை பெட்டியைப் பிடுங்கினேன். எல்லா ஸ்விட்சையும் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வந்து, இன்வெர்ட்டருக்கும் வீட்டு வயரிங்குக்கும் நடுவில் மீட்டரைச் செருகினேன். 1.50 காட்ட வேண்டும். காட்டியது 1.56.

எங்கோ ஒரு 0.06 ஓடிக்கொண்டிருந்தது.

மறுபடி எல்லா அறைக்கும் போனேன். செல்போன் சார்ஜர், கொசு மருந்து மெஷின், சமையலறை, குளியலறை. ஒன்றுமில்லை. திரும்பிக் கூடத்துக்கு வந்தபோதுதான் தெரிந்தது. கண்ணெதிரே இருந்தும் எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது. சுவரில் மாட்டியிருந்த இயேசுவின் திரு இருதயப் படம். அதன் கீழே, சிவப்புக் கண்ணாடிக்குள் ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு.

கடையில் அதற்கு அதுதான் பெயர். பேர்தான் ஜீரோ, பல்பு அப்படியில்லை. 0.06-ஐ 220-ஆல் பெருக்கினால் பதிமூன்று வாட் வருகிறது. ஒவ்வொரு வருடமும் வகுப்பில் "ஜீரோ வாட் என்றால் அது எப்படி எரிகிறது?" என்று கேட்டு, பிள்ளைகள் திருதிருவென்று விழிப்பதை ரசித்தவள் நான். என் வீட்டுச் சுவரில் எரிவதை எண்ணிப் பார்த்ததே இல்லை.

செருப்பைக் கழற்றும் கடைசி ஆள்

ஸ்விட்சை நோக்கிப் போனேன்.

"ஏய், அதை ஏன் தொடற?" என்றார்.

"பதிமூணு வாட் சாப்பிடுது."

"அது ஜீரோ வாட்ஸுடி."

"ஜீரோன்னா எரியாது. எரியுதுன்னா ஜீரோ இல்ல."

"ரீனா வெளிய இருக்கா" என்றார். அதற்கு மேல் பேச மூச்சு வரவில்லை. கையை மட்டும் ஆட்டினார், வேண்டாம் என்று.

அந்தப் பழக்கத்தை இங்கே சொல்லாவிட்டால் இந்தச் சண்டை யாருக்கும் புரியாது. என் கணவரின் குடும்பம் சாந்தோமில் தலைமுறை தலைமுறையாக இருந்தது. போர்த்துகீசியர் வந்த காலத்திலிருந்தே வேதக்காரர்கள் என்பதில் அவர்களுக்கெல்லாம் ஒரு மிதப்பு உண்டு. கப்பலிலிருந்து இறங்கியவர்களை இவர்களே கைகொடுத்து இறக்கியது மாதிரிப் பேசுவார்கள். அந்த வீட்டில் ஒரு வழக்கம். வீட்டு ஆள் ஒருவராவது வெளியே இருக்கிற வரைக்கும் திரு இருதயப் படத்தின் விளக்கு எரிய வேண்டும். கடைசியாக வீடு திரும்புகிறவர் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வந்து, தன் கையால் விளக்கை நிறுத்த வேண்டும். விளக்கு நின்றுவிட்டால் எல்லாரும் வந்தாயிற்று என்று பொருள். கதவைப் பூட்டலாம்.

கல்யாணமான புதிதில் நான் கேலி செய்தேன். வாய்தான் கேலி செய்தது. பரீட்சைத் தாள் திருத்தப் போய்விட்டு, பஸ் கிடைக்காமல் நான் திரும்பும் நாட்களில், மாடிப்படி ஏறும்போதே கதவின் மேல் கண்ணாடியில் அந்தச் சிவப்பு தெரியும். எனக்காக எரிகிறது என்று நினைத்தால் கால்வலி கொஞ்சம் குறையும். உள்ளே போய் நானே நிறுத்துவேன்.

எங்கள் ஒரே மகள் ரீனா நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போன பிறகு அந்த விளக்கு நிற்கவே இல்லை. லீவில் அவள் வரும் நாட்களில் மட்டும் படம் இருட்டில் இருக்கும். அவள் ஏர்போர்ட்டிலிருந்து வந்ததும் முதல் வேலை செருப்பைக் கழற்றிவிட்டு அந்த ஸ்விட்ச். திரும்பிப் போகிற அன்று, கார் தெருமுனை திரும்பியதும் அவர் எழுந்துபோய்ப் போடுவார். பல்பு பியூஸ் ஆனால் உடனே மாற்ற, அலமாரியில் இரண்டு எப்போதும் இருக்கும்.

நல்ல பழக்கந்தான். ஆனால் மூச்சுக்கு முன்னால் பழக்கம் என்ன வேண்டிக் கிடக்கிறது?

"மெழுகுவத்தி ஏத்தட்டுமா?" என்று கேட்க வாயெடுத்து, நானே மூடிக்கொண்டேன். ஆக்சிஜன் ஓடும் வீட்டில் நெருப்புக் கூடாது. அடுப்பு மூட்டினால்கூட சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் மூட்டுவேன்.

அவர் எதிரில் உட்கார்ந்து கணக்கைச் சொன்னேன். 720-ஐ 330-ஆல் வகுத்தால் ஒன்று. 343-ஆல் வகுத்தால் ஒன்று. இரண்டுக்கும் வித்தியாசம் ஐந்து நிமிடம். "அந்த பல்பு உங்க மூச்சுல அஞ்சு நிமிஷத்தை எடுத்துக்குது. இதுதான் கணக்கு. இப்ப சொல்லுங்க."

அவர் கண்ணை மூடி மூச்சைச் சேர்த்துக்கொண்டார். பிறகு சொன்னார்:

"அஞ்சு நிமிஷந்தானே. ரீனாவுக்குக் குடுத்துடு."

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது. அவருக்கு மகள் பெரிது, எனக்கு அவர் பெரிது, இந்த இரண்டுக்கும் பொதுவாக ஒரு சூத்திரம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. எழுந்து சமையலறைக்குப் போய், காரணமே இல்லாமல் ஒரு பாத்திரத்தைக் கழுவினேன்.

"ஃபுல்லா வருதும்மா"

கதவைத் தட்டியது குமார். எங்கள் அடுக்குமாடியின் வாட்ச்மேன். ஆற்றோரத்தில் பிறந்து வளர்ந்தவர். அரசாங்கம் அந்த வீடுகளை இடித்து, அங்கிருந்தவர்களை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய பிறகும், வேலையை விடாமல் தினமும் பஸ் பிடித்து வருவார். மழை நாளில் கீழே மோட்டார் ரூமிலேயே தங்கிவிடுவார். இடுப்பு வரை நனைந்திருந்தார்.

"டீச்சரம்மா, சார் எப்டிக் கீறாரு?"

"இன்வெர்ட்டர்ல ஓடுது. ரெண்டு மணி நேரந்தான்."

"பின்னாடி பில்டிங்ல ஜெனரேட்டர் ஓடிக்கினு கீது. மாமி வூட்லேர்ந்து ஒரு லைன் இஸ்துடலாமா? வயர் எங்கைல கீது."

வைதேகி மாமி பின்கட்டடத்தில் மறுகோடியில் இருப்பவர். மயிலாப்பூரிலிருந்து மகனோடு இங்கே வந்தவர். சிக்னல் விட்டு விட்டு வந்த போனில் விஷயத்தைச் சொன்னேன்.

"ஏன்டீ இவ்வளவு நாழி சொல்லாம இருந்தே? எங்காத்து பிளக் பாயின்ட் சும்மாத்தானே கெடக்கு. அந்தக் குமாரை அனுப்பு. நான் கதவைத் தெறந்துண்டு நிக்கறேன்" என்றார் மாமி.

கோயில் திருவிழாக் காலத்தில் குமார் பெசன்ட் நகர் பக்கம் சீரியல் லைட் கட்டும் வேலைக்கும் போவார். அதில் மிஞ்சிய வயர் இரண்டு சுருள் மோட்டார் ரூமில் இருந்தது. இரண்டு இழை சேர்த்து முறுக்கிய மெல்லிய பச்சை வயர். மாமி வீட்டிலிருந்து இறக்கி, இரண்டு காம்பவுண்டு சுவர்களின் தலைமேல் ஓட்டி, எங்கள் மாடிக்கு ஏற்ற வேண்டும். நூறு மீட்டருக்குக் குறையாது. வயர் தண்ணீரில் தொடக் கூடாது, ஒட்டுப் போட்ட இடமெல்லாம் பாலிதீன் சுற்ற வேண்டும், குமார் தண்ணீரை விட்டு வெளியே வந்து எனக்குக் குரல் கொடுத்த பிறகுதான் மாமி பிளக்கைச் செருக வேண்டும் என்று மூன்று தடவை சொன்னேன். நாலாவது தடவை ஆரம்பித்தபோது குமார் படியில் பாதி இறங்கியிருந்தார்.

வயர் வந்தது. எங்கள் பக்கத்து முனையில் மாட்டிய சாக்கெட்டில் குமார் தன் செல்போன் சார்ஜரைச் செருகினார். போன் சார்ஜ் ஏறியது. "ஃபுல்லா வருதும்மா!" என்றார். நானும் மீட்டரைப் போட்டுப் பார்த்தேன். 222 வோல்ட். நல்ல தள்ளல்.

இன்வெர்ட்டரிலிருந்து கருவியின் பிளக்கைப் பிடுங்கி இதில் செருகினேன். கருவி முனகியது. மஞ்சள் விளக்கு எரிந்து, 'பீம், பீம்' என்று கத்த ஆரம்பித்தது. மீட்டரில் 198. என் கணவரின் முகம் மாறியது. உடனே பிடுங்கி மறுபடி இன்வெர்ட்டருக்கு மாற்றினேன்.

"இன்னாம்மா இது? அங்கேர்ந்து ஃபுல்லாத்தானே வந்துச்சு. வயில எங்க பூடும்?" குமாருக்கு ஒரே குழப்பம். வயரில் எங்கோ ஓட்டை என்பது போலத் தடவிப் பார்த்தார்.

அது அவருடைய தப்பில்லை. செல்போன் இழுப்பது துளி. ஓட்டம் இல்லாதபோது வயர் முறைக்காது. பெரிய ஆள் நடந்து போகும்போதுதான் பாதை குறுகல் என்று தெரியும். கரன்ட் பில்லின் பின்பக்கத்தில் எழுதினேன். 222-இல் 198 போனால் 24. வழியில் தொலைந்த வோல்ட் அது. ஓடிய கரன்ட் ஒன்றரை. 24-ஐ ஒன்றரையால் வகுத்தால் 16 ஓம். அந்தப் பச்சை வயரின் முறைப்பு பதினாறு ஓம்.

கருவியின் முதுகில் 230 வோல்ட் என்று போட்டிருக்கும். பத்து சதவீதம் குறையலாம். அதாவது 207. அதற்குக் கீழே அது ஒத்துழைக்காது. அப்படியானால் வழியில் பதினைந்து வோல்ட்டுக்கு மேல் தொலையக் கூடாது.

முறைப்பைப் பாதியாக்க வேண்டும். வழியை இரண்டு மடங்கு அகலமாக்க வேண்டும்.

"இன்னொரு சுருள் இருக்குன்னு சொன்னியே குமார், அதையும் இழுக்கணும்பா."

"இதே பாதைலயாம்மா?"

"இதே பாதையில. ரெண்டு பேரு சேந்து தூக்கற மாதிரி."

ஒரு சிக்கல் இருந்தது. எல்லா இழையும் பச்சை. இரண்டு சுருளையும் பக்கத்தில் பக்கத்தில் இணைக்கப் போய், எந்த இழை எது என்று தெரியாமல் மாற்றிச் சேர்த்தால், மாமி வீட்டில் பட்டாசு வெடிக்கும். அதனால் வேறு மாதிரிச் செய்யச் சொன்னேன். ஒரு சுருளின் இரண்டு இழையையும் இரண்டு முனையிலும் முறுக்கி ஒன்றாக்கிவிடு. அது பிளக்கின் ஒரு காலுக்கு. மற்றச் சுருளையும் அப்படியே செய்து மறு காலுக்கு. மாற்றிச் சேர்க்க வழியே இல்லை. குமார் ஒரு நொடி யோசித்துவிட்டு, "அட, இது ஷோக்கா கீதே!" என்றார். அந்தப் பாராட்டு எனக்கு அப்போது தேவையாக இருந்தது.

நான் எடுத்துக்கொண்டது

மாமியிடம் பிளக்கைக் கழற்றச் சொன்னேன். குமார் மறுபடி தண்ணீரில் இறங்கினார்.

இந்த முறை தாமதமானது. முதல் சுருளை இழுத்த நேரத்தைவிட மழை வலுத்திருந்தது. சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால், சுவரைப் பிடித்துக்கொண்டு மூங்கில் கழியால் வயரைத் தூக்கிக்கொண்டே குமார் நகர்வது தெரிந்தது.

அப்போது இன்வெர்ட்டர் கத்தியது. பாட்டரி இறங்கிவிட்டதற்கான விட்டு விட்டு ஒலிக்கும் சத்தம். என் கணக்குக்கு முன்னாலேயே. பாதி என்று நான் போட்டதே அந்தப் பாட்டரிக்கு அதிகம் போலிருக்கிறது.

சிலிண்டரைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். கண்ணை மூடி இருந்தார், நெற்றியில் வேர்வை. பயந்தேன், நன்றாகவே பயந்தேன். நேராகப் படத்துக்கு முன்னால் போய் நின்று, ஸ்விட்சை நிறுத்தினேன். சிவப்பு போயிற்று. திரும்பினேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மறுபடி ஜன்னலுக்குப் போனேன்.

அதைச் செய்தது சரியா என்று பிறகு பலர் கேட்டிருக்கிறார்கள். பங்குச் சாமியார்கூடச் சிரித்துக்கொண்டே கேட்டார். நாளைக்கு அதே நிலைமை வந்தாலும் அதையேதான் செய்வேன் என்று அவரிடம் சொன்னேன்.

"டீச்சரம்மா! மேல வந்து முனைய மாட்டிட்டேன்! போடச் சொல்லு!" மாடிப்படியிலிருந்து குமாரின் குரல். மாமிக்குப் போன் போட்டேன். மீட்டரைச் செருகினேன். 222. கருவியை மாற்றினேன். முனகியது. என் கண் மீட்டரை விட்டு நகரவில்லை. எண் இறங்கி, தடுமாறி, நின்றது.

210.

மஞ்சள் விளக்கு வரவில்லை. 'உஸ்... டொப்.' எட்டு ஓம், பன்னிரண்டு வோல்ட், எழுதிப் பார்த்தது போலவே. என் வாழ்நாளில் எந்தப் பரிசோதனையும் இவ்வளவு ஒழுங்காக வந்ததில்லை. குமார் சொட்டச் சொட்ட வாசலில் நின்று, "ஓடுதா?" என்றார். தலையை மட்டும் ஆட்டினேன்.

கொஞ்சம் முகம் தெளிந்ததும் என் கணவர் சொன்ன முதல் வார்த்தை நன்றி இல்லை.

"மொதல்ல அதைப் போடு."

போட்டேன். முந்நூற்று முப்பது வாட் கழன்ற பிறகு, அந்தச் செத்த பாட்டரிக்குக்கூட பதிமூன்று வாட் பாரமாக இல்லை. சிவப்பு வந்தது.

"ரீனாவோட அஞ்சு நிமிஷத்தைத் திருடிட்ட" என்றார்.

"திருடல. எடுத்துக்கிட்டேன். என் புருஷனுக்கு."

அவர் சிரிக்கப் பார்த்து, இருமலில் முடிந்தது. குமார் தலையைத் திருப்பிக்கொண்டு, ஈரச் சட்டையைப் பிழிய ஆரம்பித்தார்.

மறுநாள் மின்சாரம் வந்தது. பச்சை வயரை மாமியின் பிளக்கிலிருந்து கழற்றுவதற்கு முன், தன் வீட்டில் எல்லாரும் அதை எட்டிப் பார்த்துப் போனதாக மாமி சொன்னார்.

எல்லாரும் வந்தாச்சா

அடுத்த மழைக்காலத்தை அவர் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில், நல்ல மின்சாரமும் குறையாத ஆக்சிஜனும் இருந்த ஒரு அறையில், காலை நேரத்தில் போனார். அன்று கணக்குப் போட எனக்கு எதுவும் இல்லை.

ரீனா வந்து சேர்ந்தாள். அடக்கம் முடிந்து, கல்லறைத் தோட்டத்திலிருந்து நாங்கள் இருவரும் வீடு திரும்பியபோது சாயங்காலம். மாமி ரசம் சாதம் வைத்துவிட்டுப் போயிருந்தார். நான் முன்னால் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டேன். ரீனா வாசலில் செருப்பைக் கழற்றினாள். சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம், நேராகப் படத்தின் கீழே போனாள். ஸ்விட்சில் கை வைத்தாள்.

அப்படியே நின்றாள். கையை எடுக்கவும் இல்லை, அமுக்கவும் இல்லை.

"அம்மா," என்றாள், திரும்பாமலே. "எல்லாரும் வந்தாச்சா?"

"இல்லடி. அப்பா இன்னும் வரல" என்றேன்.

அவள் கையை எடுத்துவிட்டாள். அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். அடக்கத்தில் எங்களுக்கு வராத அழுகை அது.

கருவியைப் பங்குக்கோயிலுக்குக் கொடுத்துவிட்டேன், வேண்டியவர்களுக்கு உதவட்டும் என்று. இன்வெர்ட்டருக்குப் புதுப் பாட்டரி போட்டாயிற்று. போட்டுக் கொடுத்த குமார், "அந்தச் செவப்பு பல்ப மாத்தி எல்ஈடி போட்டுக்கம்மா, கரண்ட்டே இஸ்காது" என்றார். போடவில்லை.

போன வாரம் பெருமழை எச்சரிக்கை வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, பிளாஸ்திரி ஒட்டிய மீட்டரைச் செருகிப் பார்த்தேன். 220 வோல்ட். 0.06 ஆம்பியர். அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன். பெருக்கிப் பார்க்கவில்லை.